மோதிரத்துக்கு ஒரு சின்னத் தட்டு



வழமையாக இந்தப் பக்கத்தில் பிள்ளை வளர்ப்பு, அயலவர் உரிமை, கொடுக்கல் வாங்கல் என்று ஏதாவது எழுதுவேன். இந்த மாதம் ஒரு தட்டுச் செய்வதைப் பற்றி எழுதப் போகிறேன். "மௌலவிக்கு என்ன தட்டும் பீங்கானும்?" என்று நீங்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள். ஆனால் வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போய், அதைத் தேடி நான்கு பேர் இரண்டு நாள் சோறு தண்ணீர் சரியாக இல்லாமல் அலைந்தால், மௌலவியும் தட்டைப் பற்றி யோசிக்கத்தான் செய்வார்.

நடந்தது இதுதான். என் மனைவிக்கு நான் மஹராகக் கொடுத்தது ஒரு சின்ன மோதிரம். அப்போது எனக்கு மத்ரஸாவில் புதிதாக வேலை கிடைத்திருந்தது; அதற்கு மேல் கொடுக்க என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கல்யாணமான காலத்தில் அது விரலில் தளர்வாக இருந்தது. பிறகு, மாஷா அல்லாஹ், விரல் கொஞ்சம் தடித்து விட்டது. இறுக்கமான மோதிரத்துக்கு அடியில் வுழுத் தண்ணீர் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக அவள் அதைக் கழற்றிக் கை கழுவும் தொட்டியின் விளிம்பில் வைப்பாள். ரொட்டிக்கு மாப் பிசையும்போது கழற்றி யன்னல் கட்டில் வைப்பாள். மீன் வெட்டும்போது எங்கே வைப்பாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நாள் அஸருக்குப் பிறகு, "இஞ்ச பாருங்க, என்ட மோதிரத்தக் கண்டீங்களா?" என்று வந்து நின்றாள். முகத்தைப் பார்த்ததும் விளங்கி விட்டது. தொட்டிக்குக் கீழே இருக்கும் வளைந்த குழாயைக் கழற்றினோம். சவுக்காரச் சேறு வந்தது, ஒரு குண்டூசி வந்தது, பிள்ளைகளின் உடைந்த பொத்தான் ஒன்று வந்தது. மோதிரம் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அவள் அழவில்லை. "போனது போகட்டும்" என்றுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பல நாள் அவள் வெறும் விரலை மற்றக் கையால் தடவிக் கொண்டிருந்ததை நான் கண்டிருக்கிறேன்.

எங்கள் மூத்த மகள்தான் முதலில் பேசினாள். தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று, கண்ணாடி மேசையில் ஒன்று, குசினியில் ஒன்று என்று சின்னச் சின்னத் தட்டுகள் இருந்தால், கழற்றும் பொருள் அங்கே போகும், வேறு எங்கும் போகாது என்றாள். பழைய பீரிசு ஒன்றை வைத்தால் போதுமே என்றேன். "பீரிசை வெச்சா நீங்க அதிலேயே தேத்தண்ணிக் கோப்பையை வெச்சிருவீங்க, வாப்பா" என்றாள். மறுமொழி சொல்ல முடியவில்லை. பார்த்தவுடன் இது நகைக்குரிய தட்டு என்று தெரிய வேண்டுமாம். அழகாக இருந்தால்தான் கை தானாக அங்கே போகுமாம்.

இதற்காக அவள் தோஹாவில் வேலை செய்யும் தன் மாமாவுக்குச் சொல்லி இரண்டு பொருட்களை எடுப்பித்திருந்தாள். ஒன்று, கையால் பிசையும் பொலிமர் களி. 57 கிராம் கட்டி. மற்றது, அதே களியின் திரவ வடிவம். 50 மில்லிலீற்றர் போத்தல். பார்ப்பதற்குக் கட்டிப் பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். பேர் களியே தவிர, இது மண் களி அல்ல. நம் வீட்டுத் தண்ணீர்க் குழாய் எதனால் ஆனதோ, அந்தப் பி.வி.சி. பிளாஸ்டிக்கின் மிக நுண்ணிய துகள்களை எண்ணெய் போன்ற ஒரு மென்மையாக்கியில் கலந்து வைத்திருக்கிறார்கள். மென்மையாக்கி கூடுதலாக இருந்தால் அது ஓடும் திரவமாக இருக்கிறது. குறைவாக இருந்தால் பிசையும் களியாக இருக்கிறது. வெயிலில் வைத்தால் இது காயாது. காற்றிலும் காயாது. சூடு பட்டால்தான் அந்தத் துகள்கள் எண்ணெயை உறிஞ்சி ஊதி, ஒன்றோடு ஒன்று ஒட்டி ஒரே பிளாஸ்டிக் ஆகின்றன. தண்ணீர் ஆவியாகிப் போகும் வேலை இல்லாததால் சுடும்போது மண்பாண்டம் போலச் சுருங்குவதும் இல்லை.

இது வந்த வரலாறும் ஒரு வீட்டுக்குள் இருந்துதான் வருகிறது. ஜேர்மனியில் கேத்தே குரூசே என்று பொம்மைகள் செய்வதில் பேர் பெற்ற ஒரு பெண்மணி இருந்தார். 1939ஆம் ஆண்டளவில் பொம்மைத் தலை செய்ய உதவுமா என்று இப்படியான ஒரு பொருளை அவரிடம் கொடுத்தார்கள். அவருடைய தொழிலுக்கு அது சரிவரவில்லை. ஃபீஃபி என்று செல்லமாக அழைக்கப்பட்ட அவருடைய மகள் சோஃபி அதை எடுத்து வைத்துக் கொண்டு வேலை செய்து பார்த்தார். 1964இல் எபர்ஹார்ட் ஃபேபர் என்ற கம்பனி அதை வாங்கி ஃபிமோ என்று பேர் வைத்துச் சந்தைக்கு விட்டது. அதே அறுபதுகளில் அமெரிக்காவில் ஸ்கல்பி என்ற பேரில் இன்னொன்று வந்தது. தாய் ஆகாது என்று ஒதுக்கியது மகளின் கையில் ஒரு தொழிலாகி விட்டது, பாருங்கள்.

இனி எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் செய்முறையை மட்டும் சொன்னால் அது அரைகுறை அறிவாகி விடும். குற்றம் என்னுடையது, பிள்ளையுடையது அல்ல.

மகள் தட்டை வார்த்து, கேக் சுடும் மின் அவனில் வைத்து, போத்தலில் போட்டிருந்தபடி 130 பாகையில் குமிழைத் திருப்பி விட்டுத் தொழப் போனாள். நான் அந்தப் பக்கம் வந்தேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தட்டு இன்னும் ஈரம் போல மினுங்கிக் கொண்டிருந்தது. "சூடு போதாது போல" என்று நினைத்து, கேக்குக்கு வைப்பது போல 180க்குத் திருப்பி விட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்த வேலை. பத்து நிமிடம் போயிருக்காது. மூக்கைக் குத்தும் ஒரு காட்டமான மணம். பிளாஸ்டிக் எரியும் மணம் மட்டும் அல்ல, அதற்குள் ஒரு புளித்த காரம். குசினிக்கு அடுத்த அறையில் என் உம்மா படுத்திருந்தார். அவருக்கு இளைப்பு வருத்தம் இருப்பது எனக்குத் தெரியும். நாற்பத்தைந்து வயதில், தெரிந்து கொண்டே, யோசிக்காமல் செய்தேன்.

உம்மாவுக்கு இருமல் தொடங்கி, மூச்சு இழுத்து, இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய்ப் புகை மருந்து பிடிக்க வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், விடியும் முன் சரியாகி விட்டது. ஆனால் அந்த இரவில் அவர் கையைப் பிடித்துக் கொண்டு வாங்கில் இருந்தபோது, ஒரு மோதிரம் போனதற்கு நாங்கள் பட்ட கவலை எனக்கு மிகச் சிறியதாகத் தெரிந்தது.

என்ன நடந்தது என்று பிறகு விளங்கிக் கொண்டேன். பி.வி.சி. அளவு மீறிச் சூடாகும்போது சிதைந்து ஐதரசன் குளோரைட் என்ற வாயுவை விடுகிறது. அது தொண்டையின் ஈரத்தில் பட்டதும் அமிலமாகிறது. கண்ணும் தொண்டையும் எரியும். இளைப்பு உள்ளவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது இன்னும் மோசம். சரியான சூட்டில் இந்த ஆபத்து இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் மணம் ஒன்றுதான் வரும். எல்லை தாண்டினால்தான் ஆபத்து. அப்படித் தாண்டி விட்டால், உடனே அவனை நிறுத்துங்கள். கதவைத் திறந்து முகத்தை நீட்டிப் பார்க்க வேண்டாம். யன்னல்களைத் திறந்து விட்டு எல்லோரும் வெளியே போய், மணம் போனபின் வாருங்கள். தட்டு போனால் போகட்டும்.

அடுத்த வாரம் நான் செய்த முதல் வேலை, அவனுக்குள் வைக்கும் ஒரு சின்ன வெப்பமானி வாங்கியது. வைத்துப் பார்த்தால், எங்கள் அவனில் குமிழ் 130 என்று காட்டும்போது உள்ளே 155 இருந்தது! அப்படியென்றால் நான் 180க்குத் திருப்பியபோது உள்ளே என்ன இருந்திருக்கும்? வீட்டு அவன்களின் குமிழை நம்பக் கூடாது. சின்ன அவன்களில் சூட்டுக் கம்பி தட்டுக்கு மிகக் கிட்ட இருப்பதால் ஒரு பக்கம் கருகி மறுபக்கம் வேகாமல் இருப்பதும் உண்டு. இந்த வேலைக்குக் களியை வாங்கும் முன் வெப்பமானியை வாங்குங்கள். அதை வாங்க வசதி இல்லையென்றால் வசதி வரும் வரை பொறுத்திருங்கள். இதில் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

சரி, தட்டுக்கு வருவோம்.

10 சென்ரிமீற்றர் அகலமான ஒரு வட்டத் தட்டுக்கு 57 கிராம் கட்டி ஒன்று போதும், கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். முதலில் களியைக் கையில் நன்றாகப் பிசைந்து இளக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் அதற்கு அதிக நேரம் எடுக்காது. பிறகு ஒரு கண்ணாடித் துண்டில் அல்லது டைல்ஸ் கல்லில் வைத்து, கண்ணாடிப் போத்தலால் உருட்டி 3 மில்லிமீற்றர் தடிப்பில் பரப்புங்கள். தடிப்பு எல்லா இடமும் ஒரே மாதிரி வர, இரண்டு பக்கமும் ஒரே உயரமான இரண்டு அடிமட்டங்களை வைத்து அவற்றின் மேல் போத்தலை உருட்டலாம். இது மகள் கண்டுபிடித்த வழி. ரொட்டி உருட்டும் கட்டையை எடுக்க வேண்டாம். இந்த வேலைக்கு எடுத்த கத்தியும் கரண்டியும் போத்தலும் மறுபடி குசினிச் சாமானோடு சேரக் கூடாது. பொலிஷ் அடித்த மேசையிலும் பச்சைக் களியை வைக்காதீர்கள். அதிலுள்ள மென்மையாக்கி பொலிஷைத் தின்று அடையாளம் போட்டு விடும். எங்கள் புத்தக மேசையில் ஒரு வட்டம் இன்றும் சாட்சி சொல்லிக் கொண்டிருக்கிறது. கடுதாசியில் சுற்றி வைப்பதும் சரியில்லை. கடுதாசி எண்ணெயை உறிஞ்சிக் களியை வறட்டி விடும்.

வட்டமாக வெட்டி, அவனுக்குத் தாங்கும் ஒரு சின்னக் கண்ணாடிப் பாத்திரத்துக்குள் மெதுவாக வைத்து அழுத்துங்கள். பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும். முதல் தடவை நாங்கள் கிண்ணம் போலக் குழிந்த ஒன்றில் வைத்தோம். பிறகு ஊற்றிய திரவம் எல்லாம் நடுவில் போய்க் குளம் கட்டி நின்றது. அடி தட்டையாகவும், ஓரம் ஒரு விரல் நகம் அளவுக்கு உயர்ந்தும் இருந்தால் போதும். களிக்கும் கண்ணாடிக்கும் இடையில் காற்று அகப்பட்டால் அந்த இடம் சூட்டில் ஊதிக் கொள்ளும். நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் தடவிக் காற்றை வெளியேற்றுங்கள். இதை உறையில் போட்டிருக்கும் சூட்டில் அரை மணித்தியாலம் சுட வேண்டும். கம்பனிக்குக் கம்பனி பாகை வேறுபடும். சிலது 110, சிலது 130. உங்கள் கையிலுள்ள உறை சொல்வதுதான் சட்டம். சுட்டதும் அவனை நிறுத்தி, கதவைத் திறந்து, உள்ளேயே ஆற விடுங்கள். நன்றாக ஆறியபின் தட்டு கண்ணாடியை விட்டுத் தானாகக் கழன்று வரும்.

இதுவரை வந்தது ஒரு வெறும் வெள்ளைத் தட்டு. அழகு எல்லாம் இனி ஊற்றப் போகும் திரவத்தில்தான்.

திரவக் களிக்கு வர்ணம் சேர்க்க ஓவியர்கள் பாவிக்கும் எண்ணெய் வர்ணம் நல்லது. ஒரு தேக்கரண்டித் திரவத்துக்குக் கடுகு அளவு போதும். வர்ணம் கூடினால் திரவம் சரியாக இறுகாது. பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் நீர் வர்ணம் வேண்டாம். அதிலுள்ள தண்ணீர் சூட்டில் ஆவியாகி உள்ளே குமிழ் குமிழாக நிற்கும். மினுக்கம் வேண்டுமென்றால் மைக்காத் தூள் சேர்க்கலாம். பல்குத்தியால் மெதுவாகக் கலக்குங்கள். முட்டை அடிப்பது போல அடித்தால் காற்று உள்ளே போய் விடும். கலக்கியதை மூடி, ஓரிரு மணித்தியாலம் அப்படியே வைத்தால் குமிழ்கள் மேலே வந்து உடையும்.

ஆறிய வெள்ளைத் தட்டைக் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். விரல் எண்ணெய் போய் விடும். பிறகு வர்ணம் சேர்க்காத அல்லது வெள்ளை சேர்த்த திரவத்தை ஒன்றரைத் தேக்கரண்டி அளவில் ஊற்றி, அடி முழுவதும் பரவ விடுங்கள். ஒரு மில்லிமீற்றர் உயரம் வரும். இந்தக் கணக்கில் ஒரு போத்தலில் ஐந்தாறு தட்டுச் செய்யலாம். அது ஈரமாக இருக்கும்போதே நீலத்தில் ஐந்து புள்ளி, பச்சையில் ஐந்து புள்ளி வையுங்கள். ஒரு மெல்லிய ஊசியை எடுத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒரு கோடு, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு கோடு, இப்படி மாறி மாறி இழுங்கள். புள்ளிகள் இதழாகும், இதழ்கள் பூவாகும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ஊசியைத் துடைக்க வேண்டும்; இல்லாவிட்டால் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகி விடும். கை அரிக்கும், இன்னும் ஒரு கோடு இழுப்போம் என்று. அந்த ஒரு கோட்டில்தான் பூ கெட்டுப் போகிறது.

மகள் ஊசி இழுப்பதைப் பார்த்துக் கொண்டிருந்தபோது எனக்குத் துருக்கியின் எப்ரு ஞாபகத்துக்கு வந்தது. கிதாபுகளின் அட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கும் அலை அலையான வர்ணத் தாளை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு தட்டில் பிசின் கலந்து தடித்த தண்ணீரை ஊற்றி, மாட்டுப் பித்தம் சேர்த்த வர்ணத்தை அதன் மேல் தெளித்து, ஊசியாலும் சீப்பாலும் இழுத்து, அதன் மேல் தாளை விரித்து எடுப்பார்கள். உஸ்மானியர் காலத்தில் அது பெரிய கலை. 2014இல் யுனெஸ்கோ அதைத் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அங்கே தாள் எடுத்த வேலையை இங்கே சூடு எடுக்கிறது; கை அசையும் விதம் ஒன்றேதான். உருவங்கள் வரைய வேண்டுமே என்று யோசிக்கும் சகோதரிகளுக்கு இது நல்ல வழி. பூ, இலை, அலை, நட்சத்திரம், இவ்வளவும் போதாதா? ஆனால் தட்டுக்குள் ஆயத்துகளோ அல்லாஹ்வின் திருநாமமோ எழுத வேண்டாம். குண்டூசியும் தோடும் போட்டு வைக்கும் பொருள் அது. தூசு தட்டுவோம், கழுவுவோம், ஒரு நாள் உடைந்தால் குப்பைக்கும் போகும்.

இனி இரண்டாவது சூடு. கால் மணித்தியாலம் ஆடாமல் வைத்து, மேலே தெரியும் குமிழ்களைக் குண்டூசி முனையால் குத்தி விடுங்கள். அவனின் தட்டி நேராக இருக்கிறதா என்று பாருங்கள்; சாய்ந்திருந்தால் திரவம் ஒரு பக்கம் ஓடும். ஒரு டைல்ஸ் துண்டை உள்ளே வைத்து, அதன் மேல் தட்டை வைத்தால் சூடு ஏறி இறங்காமல் நிற்கும். மேலே படாமல் அலுமினியத் தாளைக் கூடாரம் போல மடித்து மூடினால் கம்பியின் நேர்ச்சூடு படாது. போத்தலில் போட்டிருக்கும் பாகையில், பெரும்பாலும் 130 அளவில், இருபது முப்பது நிமிடம். உள்ளேயுள்ள வெப்பமானி அந்த இடத்தில் நிலைத்த பிறகே தட்டை வையுங்கள். அவன் வேலை செய்யும் நேரம் முழுவதும் யன்னல் திறந்திருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள். தொழுகை நேரத்தைப் பார்த்து வைத்தால் நல்லது. சூட்டில் இருக்கும்போது திரவம் இறுகியும் மினுங்கிக் கொண்டுதான் இருக்கும். இதைத்தான் நான் ஈரம் என்று நினைத்தேன்!

மைக்ரோவேவ் இதற்கு ஆகாது. அடுப்பின் மேல் சட்டியை வைத்து மூடிச் சுடுவதும் ஆகாது. சூட்டை அளக்க வழியில்லை. வீட்டில் ஒரே அவன்தான் உண்டு என்றால், களியை இறுக மூடிய பாத்திரத்துக்குள் வைத்துச் சுட்டு, பிறகு அவனைக் கழுவித் துடைத்த பின்னரே சாப்பாடு செய்யுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் வைப்பது கூடவே கூடாது. நாங்கள் இப்போது பழைய சின்ன அவன் ஒன்றை வாங்கிப் பின் விறாந்தையில் வைத்திருக்கிறோம். உம்மாவின் அறைக்கு மணம் போகாத இடம்.

இடையில் மின்சாரம் நின்று போனால் பயப்பட வேண்டாம். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்தோமே, அப்படியான காலத்தில்கூட இந்த வேலையைச் செய்திருக்கலாம். அரைவாசி வெந்த தட்டை அசைக்காமல் விட்டு, மின்சாரம் வந்தபின் முழு நேரமும் மறுபடி சுட்டால் போதும். சரியான சூட்டில் எத்தனை தடவை சுட்டாலும் கெடாது. கேக்குக்கு இந்தப் பாக்கியம் இல்லை. சரியாக வெந்ததா என்று அறிய, ஒரு சொட்டுத் திரவத்தை ஒரு கண்ணாடித் துண்டில் தனியாக விட்டுத் தட்டோடு சேர்த்துச் சுடுங்கள். ஆறியபின் அதை உரித்து மடித்துப் பார்த்தால் ரப்பர் போல வளைய வேண்டும். பிய்ந்து உதிர்ந்தால் இன்னும் வேகவில்லை.

ஓரம் கரடாக இருந்தால் தண்ணீர் தொட்ட அரத்தாளால், முதலில் 400, பிறகு 600, பிறகு 1000 என்று தேயுங்கள். ஈரமாகத் தேய்ப்பது தூசு மூச்சுக்குள் போகாமல் இருக்கத்தான். மினுக்கம் வேண்டும் என்று நகப்பூச்சைப் பூசி விடாதீர்கள். அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கை இளக்கி, பல மாதம் போனாலும் பிசுபிசு என்று ஒட்டிக் கொண்டே இருக்கும். எங்கள் இரண்டாவது மகள் இதையும் செய்து பார்த்து விட்டாள். தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசலாம். ஒன்றும் பூசாமலும் விடலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம், வாசனைத் திரவப் போத்தல், இவை ஒழுகினால் தட்டின் மேல் பூ இளகும். சாம்பிராணிச் சட்டியையும் சூடான கோப்பையையும் அதில் வைக்க வேண்டாம்.

வாசகச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் இந்த நேரத்தில்தான் வந்தது. கணவர் மவ்த்தாகி, இத்தாவும் முடிந்து, இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார். இதே மாதிரித் தட்டுகள் செய்து விற்கத் தொடங்கியிருக்கிறாராம். நோன்பு காலத்துக்கு ஒரு வீட்டாரிடமிருந்து இருபது தட்டுக்கு ஓடர் வந்திருக்கிறது. பேரீச்சம் பழம் வைத்துப் பரிமாறவாம். "உறையில் நச்சு இல்லை என்று போட்டிருக்கிறது, கொடுக்கலாமா?" என்று கேட்டிருந்தார். கையில் காசு இல்லாத நேரத்தில் வந்த முதல் பெரிய ஓடர். இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றியதே அவருடைய நல்ல மனசு. வேறு யாராவது என்றால் கேட்காமலே கொடுத்திருப்பார்கள்.

சகோதரிக்கு என் மறுமொழி: சாப்பாட்டுக்கு என்று சொல்லிக் கொடுக்க வேண்டாம். நச்சு இல்லை என்ற அந்த முத்திரை, கையால் தொட்டு வேலை செய்வதற்குரியது. உணவு வைப்பதற்குரியது அல்ல. மென்மையாக்கி எண்ணெய்ப் பண்டத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊறக் கூடியது. கீறல்களுக்குள் அழுக்கும் கிருமியும் தங்கும். கொதி தண்ணீரில் போட்டுக் கழுவவும் முடியாது. முந்திய காலத்து மென்மையாக்கிகளில் சில தாலேற்றுகள் பிள்ளைகளுக்குக் கூடாது என்று, அமெரிக்காவில் 2008இல் விளையாட்டுப் பொருட்களுக்குச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்தினார்கள். கம்பனிகளும் கலவையை மாற்றிக் கொண்டன. என்றாலும் உணவுத் தட்டு என்று எந்தக் கம்பனியும் பொறுப்பெடுப்பதில்லை. கம்பனி எடுக்காத பொறுப்பை நீங்கள் எடுக்காதீர்கள். தானியக் குவியலின் மேலே காய்ந்ததைப் போட்டு ஈரத்தை உள்ளே மறைத்த வியாபாரியைப் பற்றி உங்களுக்குத் தெரியும்தானே.

ஆனால் ஓடரை விட்டு விடவும் வேண்டாம். அந்த வீட்டாரிடம் நேரே போய், "ராத்தா, இது பழத்துக்கு ஆகாது. வாற பெண்கள் வுழுச் செய்யக் கழற்றும் மோதிரம், காப்பு, ஸ்கார்ப் ஊசி வைக்க ஒன்றொன்று கொடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். இஃப்தாருக்கு வரும் இருபது பேருக்கு அதைவிட நல்ல அன்பளிப்பு எது? வேண்டாம் என்றாலும் உங்கள் சொல்லை நம்பி அடுத்த முறை வருவார்கள். ஒவ்வொரு தட்டின் அடியிலும் "உணவுக்கு அல்ல" என்று ஒரு சின்னத் துண்டு ஒட்டி விடுங்கள். வாங்கியவருக்குத் தெரிந்தாலும், அவரிடமிருந்து கை மாறிப் போகும் வீட்டுக்குத் தெரியாது.

விலையைப் பற்றியும் கேட்டிருந்தார். ஒரு தட்டுக்கு ஒரு கட்டிக் களி, போத்தலில் ஐந்தில் ஒரு பங்கு, ஒரு மணித்தியால மின்சாரம், இதோடு கெட்டுப் போகும் தட்டுகளின் செலவு. பத்துச் செய்தால் இரண்டு பழுதாகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். அதையும் எட்டில் பிரித்துப் போட வேண்டும். கடைசியில் உங்கள் கைக்கூலி. நம் பெண்கள் எப்போதும் மறப்பது இதைத்தான். "நான் வீட்டில் சும்மாதானே இருக்கிறேன்" என்பார்கள். இரண்டு பிள்ளைகளை வைத்துக் கொண்டு ஊசி பிடித்துப் பூ இழுக்கும் பெண் சும்மா இருக்கிறாளா? ஒரே நாளில் இருபதையும் சுட நினைக்காமல், அவனில் நான்கு நான்காக வையுங்கள். பிள்ளைகள் பாடசாலை போன நேரத்தில் சுடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மூன்று தட்டு இருக்கிறது. தொட்டிக்குப் பக்கத்தில் இருப்பது நீலம். மனைவிக்கு வேறொரு மோதிரம் வாங்கிக் கொடுத்தேன். பழையதை விடக் கொஞ்சம் கனம், ஆனால் பழையது இல்லை. வுழுவுக்கு முன் அது தட்டில் விழும் சத்தம் எனக்கு அடுத்த அறையிலும் கேட்கிறது.

உம்மாவுக்கு நாங்கள் எதுவும் செய்து கொடுக்கவில்லை. அந்த இரவுக்குப் பிறகு அவர் முன்னால் இந்தப் பேச்சை எடுக்கவே எனக்குக் கூச்சம். போன வெள்ளிக்கிழமை பார்க்கிறேன், கண்ணாடி மேசையில் இருந்த பச்சைத் தட்டைக் காணவில்லை. தேடினால் உம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தஸ்பீஹ், அலுமாரித் திறப்பு, இளைப்புக்கு இழுக்கும் மருந்துக் குழாய், எல்லாம் அதற்குள். "இது ஓரம் பதிவா இரிக்கி மகன், தஸ்பீஹ் வழுகி வழுகி உழுகுது. கொஞ்சம் உசத்தி ஒண்டு செஞ்சி தரச் சொல்லு புள்ளைக்கிட்ட" என்றார். போத்தலில் இன்னும் ஒன்றரைத் தேக்கரண்டி அளவு மிஞ்சியிருக்கிறது. மகள் இன்று களியைப் பிசைந்து வைத்திருக்கிறாள். நாளைக் காலையில் பின் விறாந்தையில் சுடுவோம், இன்ஷா அல்லாஹ். குமிழில் நான் கை வைக்க மாட்டேன்.